கலியபெருமாளின் கத்தி யாருடையது?

மரக்காணம் உப்பளம் பார்க்க எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று இந்த வலைப்பதிவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன், கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராகக் கீழே இறங்கிவிடலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் போனது உப்பளம் பார்க்க இல்லை. ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போனேன். இந்த 2006 மே மாதம் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை. நடந்ததை என் மனைவியிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, கத்தி யாருது?" என்றுதான் கேட்டாள். எழுதினாலாவது எனக்குத் தெளிகிறதா பார்க்கலாம்.

நான் சென்னையில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ். மிச்ச நேரத்தில் பழைய மடக்குக் கத்திகள் சேர்க்கிறேன். எழுபத்திரண்டு இருக்கின்றன, எல்லாம் பிஸ்கட் டின்களில். எதற்கு என்று கேட்காதீர்கள். தபால்தலை சேர்ப்பவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, கத்தி சேர்ப்பவனை மட்டும் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வீட்டில் நான் சொல்லியிருக்கும் விலையெல்லாம் பாதி விலை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். என் மனைவி வலைப்பதிவு படிப்பதில்லை.

கலியபெருமாளை நான் சந்தித்தது 1995-இல், பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். தார்ப்பாயில் பழைய பூட்டு, குழாய், தராசுத் தட்டு எல்லாம் பரப்பியிருந்த ஒரு கடையில் அந்தக் கத்தி கிடந்தது. நான் குனிவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு எடுத்துக்கொண்டது. கறுத்த எருமைக்கொம்புப் பிடி, அதில் மூன்று பித்தளை ஆணி. பிடியின் வால் கிளிமூக்கு மாதிரி லேசாக வளைந்திருக்கும். திறந்தால் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு அலகு. மூடும்போது 'டக்' என்று ஒரே சத்தம், ஆட்டமே கிடையாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாண்டிக் கொல்லர்கள் அவர்கள் கத்தியைப் பார்த்துச் செய்தது என்று நினைக்கிறேன். அந்த ஆள் பேரமே பேசாமல் நூற்றைம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். என் கண் முன்னால் நடந்தது இது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் மரக்காணத்தில் உப்பளத்து மேஸ்திரி. அவரும் கத்திப் பைத்தியம் என்று தெரிந்ததும் டீ குடித்தோம், சிநேகமாகிவிட்டோம். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை பார்ப்போம். சந்தையில், இல்லையென்றால் மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் டீக்கடையில். ஒருத்தருக்கொருத்தர் கத்தி மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் கிளிமூக்குக் கத்தியைக் கேட்பேன், அவரும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்வார்: "நான் இப்பவே குடுத்துடுவேன் சார். வீட்ல விட மாட்டேங்குறாங்க. அது மேல அவங்களுக்கு உசுரு." ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. வீட்டம்மா கொஞ்சம் கறார் போலிருக்கிறது, கத்திக்காக என்னைக் கண்டாலே ஆகாது போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் பார்த்தது 2005 பொங்கல் முடிந்து. சுனாமியில் கடல் உள்ளே வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பாத்தியெல்லாம் சேறு, முதலிலிருந்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் கத்தியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு முட்டியில் ஆபரேஷன், பயணமெல்லாம் நின்றுபோனது. இந்த ஏப்ரலில் ஒரு தபால் அட்டை வந்தது, பெண் கையெழுத்து. எங்கள் அப்பா கலியபெருமாள் போன வருஷம் ஆடி மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார், உங்கள் விலாசம் அப்பா பையில் இருந்த பில் புக்கில் கிடைத்தது, கத்தி விஷயமாக அம்மா உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்.

மனுஷன் போய் ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அச்சகத்தில் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வந்தது. அது அடங்கியதும் வந்த அடுத்த நினைப்பு என்ன தெரியுமா? அப்போ கத்தி கிடைத்துவிடும். என் லட்சணம் அவ்வளவுதான்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அச்சகத்துக்கு அன்றைக்கு லீவு விட்டிருந்தேன், அதனால் அந்த நாள். கோயம்பேட்டில் காலை 5.50-க்கு பாண்டிச்சேரி பஸ், கிழக்குக் கடற்கரைச் சாலை வழி. கேட்டு ஏறுங்கள், திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் மரக்காணம் வராது. டிக்கெட் 46 ரூபாய். ஏறக்குறைய 125 கிலோமீட்டர், இறங்கும்போது மணி 9.05. பஸ் நிறுத்தத்தில் இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்து 14 ரூபாய்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன்னே போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள், பத்தரைக்கு முன்னால் வீட்டில் ஆள் இருக்காது என்று டீக்கடையில் சொன்னார்கள். சரி என்று சாலையோரமாகத் தெற்கே நடந்தேன். இரண்டு பக்கமும் பாத்திகள், வரப்போரத்தில் வரிசையாக உப்புக் குவியல், பழைய குவியல்களுக்குக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். ஒன்பதரை மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. கூலிங் கிளாஸ் எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்டைலுக்குச் சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன். உப்பளத்தை ஒட்டிய தெரு, இரண்டு கிலோமீட்டர், 25 ரூபாய். ஆட்டோக்காரர் என்ன விஷயமாக என்று கேட்டார். கத்தி வாங்க என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், சனிக்கெழமையில போய் இரும்பு வாங்குறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு இரும்பு வாங்கக் கூடாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை என்று சொல்ல முடியாது. ஆனால் எழுபத்திரண்டு கத்தியில் ஒன்றுகூட சனிக்கிழமை வாங்கியதில்லை. நூற்றைம்பது வருஷக் கத்தி, செத்துப்போன மனுஷனின் கத்தி, இதற்குப் போய் கிழமை பார்க்காமல் வந்து நிற்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சரி, இன்றைக்குப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்காவது தங்கி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்தேன்.

அவர் மனைவி பெயர் அஞ்சலை. நான் நினைத்து வைத்திருந்த கறார் அம்மா இல்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. வீட்டுக்காரர் போன பிறகு தலைச்சுமை உப்புக் கூலிக்குப் போகிறாராம். ஒரே பெண், பாண்டியில் நர்சிங் படிக்கிறது, மூன்றாம் வருஷத்துக்கு ஜூன் இருபதுக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவராக எதையும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார், கலியபெருமாள் விழுந்த இடத்தைச் சொன்னார், உப்பளத்து வரப்பிலேயே.

பிறகு உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து வந்தார். வாய் அகன்ற பாட்டில், உள்ளே அரிசி, அரிசி நடுவில் எண்ணெய்த் துணி சுற்றிய பொட்டலம். உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது, ஈரத்தை இழுக்க அரிசி. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் எடுத்துப் பிரித்தேன். அதே கிளிமூக்கு, அதே மூன்று ஆணி. திறந்து மூடினேன். டக். பதினோரு வருஷம் போனது தெரியவில்லை.

நான் விஷயத்துக்கு வந்தேன். இன்றைக்குச் சனிக்கிழமை, அதனால் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் அம்மா என்றேன்.

அஞ்சலை என்னைப் புரியாமல் பார்த்தார். "உங்க பொருள நீங்க எடுத்துக்குறதுக்கு எதுக்கு சார் நாளு கெழம பாக்கணும்?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பொருளா? அவர் விளக்கமாகச் சொல்லச் சொல்ல இன்னும் குழம்பினேன். இது மெட்ராஸ் அச்சாபீஸ் சாருடைய கத்தி என்று கலியபெருமாள் பத்து வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். அந்த சாரின் வீட்டம்மா கத்தியே வைக்க விடமாட்டாராம், அதனால் இவரிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். கீறல் விழுந்தால்கூட சார் கோபித்துக்கொள்வார் என்று பெண்ணைக்கூடத் தொட விட்டதில்லை. அவர் போன பிறகு மற்ற கத்திகளையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டிருக்கிறார் இந்தம்மா. (எத்தனை கத்தி என்று கேட்டேன். பதினெட்டு இருபது இருக்கும் என்றார். என் வயிற்றெரிச்சலை இங்கே எழுத இடமில்லை.) இதை மட்டும் போடவில்லை.

"மாசத்துக்கு ஒருவாட்டி அரிசி மட்டும் மாத்திடுவேன் சார். பொட்டலத்தப் பிரிக்க மாட்டேன். அடுத்தவங்க பொருளாச்சே" என்றார். பாண்டிக்குச் சற்று முன்னால், வெள்ளைக்காரர்கள் அதிகம் தங்கும் குயிலாப்பாளையத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் இரண்டு தடவை வந்து விலைக்குக் கேட்டிருக்கிறார். கலியபெருமாள் எப்போதோ அவரிடம் காட்டியிருக்கிறார். சொந்தக்காரரைக் கேட்காமல் கொடுக்க முடியாது என்று அஞ்சலை திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம்தான் பெண்ணை விட்டு எனக்கு அட்டை போடச் சொல்லியிருக்கிறார், என் பொருளை என்னிடம் ஒப்படைத்துவிட்டால் பாரம் குறையும் என்று.

என் கண் முன்னால் அவர் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய கத்தி! நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. 'இல்லம்மா, இது என்னுது இல்ல' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சொன்னால் அவர் புருஷன் பத்து வருஷம் பொய் சொன்னார் என்று ஆகும். சொல்லாவிட்டால் கத்தி இந்த நிமிஷமே என் பையில். பொட்டலத்தைச் சுற்றி பாட்டிலில் போட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன், பாண்டியில் ஒரு வேலை இருக்கிறது என்று உளறிவிட்டு எழுந்துவிட்டேன். அந்தம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று.

மதியம் 12.40-க்கு பாண்டி பஸ். பெரியமுதலியார்சாவடியில் இறங்கிக்கொள்ளலாம், டிக்கெட் 11 ரூபாய், ஐம்பது நிமிஷம். அங்கிருந்து குயிலாப்பாளையம் ஆட்டோவில் 30 ரூபாய். கெஸ்ட் ஹவுஸ் அறை 250, ஃபேன் ஓடும், கொசுவலை உண்டு, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தானோ என்று தயங்க வேண்டாம்.

சாயங்காலம் அந்தப் பழைய சாமான் கடையைத் தேடிப் போனேன். பழைய கதவு, பித்தளைக் குடம், எனாமல் தட்டு, காலில்லாத நாற்காலி. கடைக்காரர் நல்ல மனிதர், பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. மரக்காணத்துக் கத்தியைப் பற்றி மெதுவாக இழுத்தேன். உடனே விலை சொன்னார், எட்டாயிரம். வெள்ளைக்காரன் யாராவது வந்தால் அதற்கு மேலும் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா தர மாட்டேங்குது சார். யாரோ மெட்ராஸ்காரரோட பொருளாம். அந்த ஆளு மட்டும் எனக்குக் கெடைச்சாருன்னா பேசி முடிச்சிடுவேன்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பித்தளைப் பூட்டின் விலையைக் கேட்டு, வாங்காமல் வெளியே வந்தேன்.

ஆறரை மணிக்குப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒருவேளை கலியபெருமாள் வேறு யாருடைய கத்தியையோ இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டாரா? அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, எந்தக் கத்தி எந்த வருஷம் எந்த மழையில் வாங்கியது என்று சொல்வார். தனக்குப் பிறகு எனக்கு வந்து சேரட்டும் என்றுதான் அப்படிச் சொல்லி வைத்தாரா? இந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு வசதியான காரணமெல்லாம் எனக்குப் பிடிக்கும். இதை நம்பிவிட்டால் நாளைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், சாகிற மனுஷனின் ஆசை, அதைத் தட்டக் கூடாது என்று மனசுக்குள் வசனம்கூடப் பேசிப் பார்த்தேன்.

ஆனால் பரோட்டாவைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். எட்டாயிரம் ரூபாய்ப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, எனக்காக மாதாமாதம் அரிசி மாற்றிவிட்டு, அந்தம்மா காலையில் உப்புச் சுமக்கப் போகிறார். அவர் பெண்ணின் ஃபீஸ் அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது, அது அவருக்கே தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ரொம்ப அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.15-க்கு பஸ் ஏறி, பத்தே முக்காலுக்கு அஞ்சலை வீட்டில் இருந்தேன். பாட்டிலை ஏற்கெனவே கூடத்தில் எடுத்து வைத்திருந்தார். நான் உட்காரவே இல்லை. 'அம்மா, இது என்னுது கிடையாது, அவர் வாங்கினது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கடைக்காரர் சொன்ன விலையையும் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. சாருக்கு நம்ம மேல பாவம் வந்து இப்படிச் சொல்றீங்க என்றார். இல்லம்மா, நானே அவரிடம் பத்து வருஷமாக விலைக்குக் கேட்டேன், நீங்கதான் கொடுக்க விடமாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னார் என்றேன்.

"நானா?"

"ஆமாம்மா. உங்களுக்கு அது மேல உசுருன்னாரு."

"எனக்கு இன்னாத்துக்கு சார் அது? வித்துத் தொலைன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன். சொல்றப்பல்லாம் அது சாருது, சாருதுன்னாரு."

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது, அவருக்கு எனக்கு முன்னாடியே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நான் கேட்டால் வீட்டில் விடமாட்டார்கள். வீட்டில் கேட்டால் அது மெட்ராஸ் சாருடையது. அதனால்தான் ஒருநாளும் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும். யாருக்கும் கொடுக்க மனசில்லாமல், எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணி காட்டிவிட்டு, நடுவில் உட்கார்ந்து கத்தியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணக் காலேஜ்ல சேக்குறப்ப என் கம்மல அடகு வெச்சேன் சார்" என்றார், காதைத் தொட்டுக் காட்டி. துவாரத்தில் ஈர்க்குச்சி இருந்தது. "இன்னும் அங்கதான் இருக்குது. இது இங்க அரிசிக்குள்ள சொகமா இருந்துருக்குது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல பாரு அந்த ஆளு."

நானும் அந்த ஜாதிதான். என் வீட்டிலும் ஃபீஸ் கட்டத் திணறிய வருஷம் உண்டு, அந்த வருஷமும் நான் இரண்டு கத்தி வாங்கினேன். கலியபெருமாளைத் திட்டவும் முடியவில்லை, அவருக்காகப் பேசவும் முடியவில்லை. அதே எட்டாயிரத்தை நான் தருகிறேன், கையில் ஐந்து இருக்கிறது, மீதியை மணியார்டர் பண்ணுகிறேன் என்றேன். அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை எடுத்தார். அரிசிக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முதல் தடவையாக. அலகைத் திறக்கத் தெரியவில்லை, நகம் வைக்கிற பள்ளத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி வருஷம் உங்களுதுன்னு தொடாம வெச்சிருந்தேன். ஒரு மாசம் எங்களுதா இருக்கட்டும் சார். ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கோங்க."

முன்பணமும் வாங்க மறுத்துவிட்டார். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வெறுங்கை என்று சொல்லக் கூடாது, ஐந்து கிலோ கல் உப்பு ஒரு சாக்குப் பையில் கட்டிக் கொடுத்தார், கோயம்பேட்டில் இறக்குவதற்குள் முட்டி போய்விட்டது.

அந்த ஒரு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கடைக்காரர் பத்தாயிரம் சொன்னால் என்ன ஆகும், அரிசி மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்று ஒரே கவலை. ஜூன் 14, புதன்கிழமை, எட்டாயிரத்தோடு போனேன். அதே 5.50 பஸ்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு, கேட்ட கேள்விகளுக்கான பதில்கள். உப்பு எடுப்பதைப் பார்க்க மார்ச்சிலிருந்து ஜூலை வரை நல்லது, மழை வந்தால் எல்லாம் முடிந்துபோகும். காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றால் முந்தின நாளே வந்து குயிலாப்பாளையத்திலோ பாண்டியிலோ தங்கிவிடுங்கள், சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் வேலை முடிகிற நேரத்துக்குத்தான் வருவீர்கள். வரப்பில் இறங்கும்முன் கேட்டுவிட்டு இறங்குங்கள், மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், ஆனால் காலில் புண் இருந்தால் இறங்கவே இறங்காதீர்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். போட்டோ எடுக்கிறவர்கள் குவியலைத்தான் எடுக்கிறீர்கள், சுமக்கிறவரின் முகத்தை எடுப்பதாக இருந்தால் அவரைக் கேளுங்கள். மொத்தச் செலவு முதல் தடவை தங்கலோடு 580 ரூபாய், இரண்டாம் தடவை 190. பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் விற்பவர் சொல்லும் கதையை மட்டும் கேட்காமல் அவர் வீட்டுக்காரம்மா சொல்லும் கதையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கலியபெருமாள் எனக்குக் கொடுக்கத்தான் நினைத்திருந்தாரா, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துகூட இருந்திருக்கலாம். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது சுலபம், எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அஞ்சலை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை போனபோது கத்தி பாட்டிலில் இல்லை. அடுப்பங்கரையில், தேங்காய்த் துருவிக்குப் பக்கத்தில் இருந்தது. அலகு முழுக்க மாங்காய்ப் பால் கறுத்துக் கறை. நுனி கொஞ்சம் உடைந்திருந்தது, தேங்காய் நெம்பியிருக்க வேண்டும். கொம்புப் பிடியில் மஞ்சள் தூள். கடைக்காரர் பார்த்தால் பாதி விலைகூடத் தரமாட்டார். நான் எட்டாயிரத்தையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் அதைத் துணியில் துடைத்த விதத்தைப் பார்த்ததும், வாய் சும்மா இல்லாமல், வேண்டுமென்றால் கத்தி இங்கேயே இருக்கட்டும் அம்மா, பணத்தை ஃபீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நொடியே, சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

அஞ்சலை கத்தியை மூடினார். டக். இன்னொரு தடவை திறந்து, இன்னொரு தடவை மூடினார். பிறகு குனிந்து என் காலடியில் தரையில் வைத்தார்.

"சீக்கிரம் எடுத்துக்கினு கெளம்புங்க சார். இன்னும் ரெண்டு நாள் இருந்துதுன்னா நானும் உங்களுக்கு எதனா பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவேன்."